திறக்கும் முன்

வீட்டின் மூலையில் பெயர்ச்சீட்டு இல்லாத குப்பி ஒன்று கிடைக்கின்றது. அறிவுடையார் அதனை உடனே வாயில் ஊற்றிக்கொள்வதில்லை. அஞ்சி எறிந்துவிடுவதும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று வினவுவர். நிறமும் மணமும் ஆராய்வர். அதன் பின்னரே கொள்ளுதலோ தள்ளுதலோ செய்வர். கணினியில் வந்து சேரும், முன்பின் அறியாத கோப்புக்கும் இம்முறையே பொருந்தும்.

கோப்பின் பெயரில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் உண்டு. புள்ளிக்கு முன் நிற்பது இட்ட பெயர். பின் நிற்பது அதன் வகையைக் கூறும் பின்னொட்டு. 'டி.எக்ஸ்.டி.' என்பது வெறும் எழுத்தைக் குறிக்கும், 'ஜே.பி.ஜி.' என்பது படத்தைக் குறிக்கும், 'இ.எக்ஸ்.இ.' என்பது நிரலைக் குறிக்கும். எழுத்தும் படமும் காண்பதற்கு உரியன. நிரலோ, திறந்த அக்கணமே தன் தொழிலைச் செய்யத் தொடங்கிவிடும். இவ்வேறுபாட்டைக் காண இயலாமையால் உலகம் ஒருமுறை பெருந்துன்பம் உற்றது.

2000ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரிலிருந்து புறப்பட்ட மின்னஞ்சல் ஒன்று நாடுதோறும் பரவியது. 'ஐ லவ் யூ' என்பது அதன் தலைப்பு. உடன் வந்த கோப்பு, அன்புக் கடிதம் என்னும் பொருளுடைய பெயரைப் பூண்டிருந்தது. அப்பெயரின் இறுதியில் 'டி.எக்ஸ்.டி.' என்று காணப்பட்டது. 'கடிதந்தானே!' என்று எண்ணிப் பலர் திறந்தனர். ஆயின், அதற்கும் அப்பால் 'வி.பி.எஸ்.' என்னும் மற்றொரு பின்னொட்டு இருந்தது. அதுவே நிரலின் அடையாளம். தனக்குத் தெரிந்த வகைகளின் பின்னொட்டை விண்டோஸ் மறைத்து வைக்கும் வழக்கம் உடையதாதலின், அது கண்ணுக்குப் புலப்படவில்லை.

திறந்தவுடன் அந்நிரல் படங்களை அழித்து, அவற்றின் இடத்தில் தன் படியையே எழுதிவைத்தது. மேலும், முகவரி ஏட்டில் கண்ட அனைவர்க்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. நண்பர் பெயரால் வந்த ஓலையை யார்தான் ஐயுறுவர்? பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் தன் மின்னஞ்சலை நிறுத்திவைக்க நேர்ந்தது. வேறோர் இடத்தில் படியெடுத்து வையாதவர்க்குப் போன படங்கள் போனவையே ஆயின. அக்குற்றத்தைத் தண்டிக்கத் தக்க சட்டமும் அப்போது பிலிப்பைன்ஸ் நாட்டில் இல்லை. 2000 ஜூன் மாதத்தில்தான் அது இயற்றப்பட்டது.

பெயரை எவரும் மாற்றலாம். பெயரை மாற்றுவதால் உள்ளியல்பு மாறிவிடாது. பி.டி.எஃப். கோப்பை எளிய எழுத்துத் தொகுப்பியில் திறந்தால், தொடக்கத்தில் விழுக்காட்டுக் குறியும் 'பி.டி.எஃப்.' என்னும் மூன்று எழுத்துகளும் தோன்றும். ஜிப் கோப்பு 'பி.கே.' என்று தொடங்கும். அவை, 1989இல் அம்முறையை வகுத்த பில் காட்ஸ் என்பாரின் பெயரெழுத்துகள். இவ்வாறு பார்ப்பது படிப்பதே அன்றி இயக்குவது அன்று. ஆதலின் தீங்கு குறைவு. எனினும், மெய்யான ஆவணத்தினுள்ளும் தீய கட்டளைகள் ஒளிந்திருத்தல் கூடும். வகை அறிவது முதற்படி. அதுவே முடிவு அன்று.

ஆதலின், மாணவர்கள் சில பழக்கங்களைக் கைக்கொள்ளுதல் வேண்டும். பின்னொட்டு முழுதும் தெரியுமாறு கணினியை அமைத்தல் ஒன்று. எதிர்பாராத கோப்பு வந்தால், அனுப்பியவரைத் தொலைபேசியிலேனும் நேரிலேனும் கேட்டறிதல் மற்றொன்று. நச்சுநிரல் தடுப்பானால் சோதித்தலும், 'கட்டளைகளை இயக்கலாமா?' என்று கணினி கேட்கும்போது காரணம் அறியாமல் இசையாதிருத்தலும், அரிய கோப்புகளுக்கு வேறிடத்தில் படி வைத்தலும் இன்றியமையாதன.

நண்பரைக் கேட்டறிவது நட்புக்கு இழுக்கு அன்று. அவர் பெயரில் பிறர் அனுப்பியதாயின், அவ்வொரு வினா இருவரையும் காக்கும். புதியது என்பதாலேயே ஒன்று தீயது ஆகாது. தெரிந்த பெயரைத் தாங்கியதாலேயே நல்லதும் ஆகாது. திறக்கும் முன் சற்று நின்று ஆராய்பவர், தம் பொருளை மட்டுமன்றித் தம் முகவரி ஏட்டில் உள்ள அனைவரையும் காப்பவர் ஆவர்.