தாயத்தல்ல, தசை!

குடிப்பழக்கத்தை விட முயலும் உழைப்பாளிக்கு நம் நாட்டிலே மூன்று பரிசுகள் காத்திருக்கின்றன: கோயிலில் ஒரு கயிறு, சாமியாரிடம் ஒரு தாயத்து, ஊராரிடம் ஓர் ஏளனச் சிரிப்பு! மருத்துவமோ கடைசி வரிசையில் நிற்கிறது. மைய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி, 2019-இல் வெளிவந்த ஆய்வு, மதுவுக்கு அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெறுவதாகக் கூறிற்று. மற்ற 37 பேர்? விதியின் கையில் விடப்பட்டவர்கள்!

நாம் பணியாற்றும் பள்ளியில் பயிலும் மாணவன் ஒருவனின் தந்தை மூட்டை தூக்குபவர். மாலை அணிந்த 48 நாளும் மதுவைத் தொடவில்லை. மாலை கழன்ற மறுநாள் கடைவாசலில் நின்றார். "சாமி குற்றம்" என்றனர் உறவினர். 48 நாள் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டவர் யார்? அவரன்றோ! வெற்றியை மாலையின் கணக்கிலும், தோல்வியை அவர் கணக்கிலும் எழுதிற்று ஊர். என்னே நீதி!

பின்னர் அவர் அரசு மருத்துவமனையை நாடினார். மருந்தோடு மூச்சுப் பயிற்சியும் கற்பித்தனர். "அது என்ன மந்திரம், ஐயா?" என்று மகன் நம்மிடம் கேட்டான். மந்திரமன்று, தசை என்றோம்.

நுரையீரல் தானாக விரிவதில்லை. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையே விரித்த குடைபோல் கிடக்கும் உதரவிதானம் சுருங்கிக் கீழிறங்க, விலா எலும்புகளுக்கிடையேயுள்ள தசைகள் நெஞ்சுக்கூட்டை உயர்த்த, உள்ளே காற்று புகுகிறது. நெடுங்காலக் குடி உடலின் தசைகளை நலியச் செய்யும். குடியோடு கூடித் திரியும் பீடி நுரையீரலை அரிக்கும். குடியை விட்டவர் நாலு படி ஏறி மூச்சு வாங்கினால், அது விட்டதனால் வந்த வினையன்று, குடித்ததனால் வந்தது.

கர்லாக்கட்டை சுற்றச் சுற்றப் புயம் திரள்வது எதனாலோ, அதனாலேயே மூச்சுத் தசையும் வலுப்பெறுகிறது. காற்று நுழையும் வழியில் தடை வைத்த சிறு கருவியை வாயில் பொருத்தி, காலையும் மாலையும் 30 முறை மூச்சிழுக்கச் செய்வது ஒரு முறை. பழகப் பழகத் தடையைக் கூட்டுவர். கருவியே வேண்டாத பயிற்சியும் உண்டு: வயிற்றின்மேல் கை வைத்து, கை உயருமாறு மூக்கால் இழுத்து, உதடு குவித்து மெல்ல விடுதல். நிமிடத்திற்கு ஆறு மூச்சளவில் நிதானமாகச் செய்தால் படபடப்புத் தணியும். முன்னது தசைக்கு வலு. பின்னது மனத்திற்கு அமைதி. குடிவேட்கை அலையென எழுந்து அடங்கும்வரை பிடித்து நிற்க ஓர் ஊன்றுகோல்!

ஊன்றுகோலே காலாகிவிடாது. மூச்சைச் சர்வரோக நிவாரணியாக விற்கும் சாமியார்களும் உளர். தாயத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மூச்சையே தாயத்தாக்கிக் கட்டிக்கொள்வதா? நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடுமென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஊறு நேரலாம். ஆகவே, மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். மருந்தும் மனநல ஆலோசனையும் குடும்பத்தின் அரவணைப்பும் முதன்மை. மூச்சுப் பயிற்சி அவற்றின் துணைவன்.

அரசின் டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கிறது. மதுக்கடைக்கு வழி சிறுவனும் சொல்வான். சிகிச்சைப் பிரிவுக்கு வழி கேட்டால் பெரியவர்களும் விழிக்கின்றனர். இந்த நிலை மாற வேண்டாமா?

தோழர்களே! படிப்பகந்தோறும் உடலின் இயக்கத்தை விளக்குங்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு எங்கே, எந்நாளில் இயங்குகிறது என்று கேட்டறிந்து எழுதி வையுங்கள். விட்டவர் மீண்டும் விழுந்தால் எள்ளாதீர். நோய் திரும்புவது குற்றமாகாது. கயிற்றை அறுப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. கயிறு கட்டியிருந்த அந்தக் கையைப் பற்றி, மருத்துவமனை வாயில்வரை உடன் நடக்க வேண்டும்.