என் வீட்டுத் தபாலாபீஸ்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்றார்கள் பெரியோர். அவர்கள் காலத்தில் மின்னஞ்சல் இல்லை. இருந்திருந்தால், "தபாலாபீஸ் நடத்திப் பார்" என்பதையும் சேர்த்திருப்பார்கள்.

டில்லியில், முனிர்க்காவில் உள்ள என் வாடகை அறையில், நான் ஒரு தபாலாபீஸ் நடத்துகிறேன். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் காலமாகி 3 ஆண்டுகள் கழித்து அவருடைய மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கப் போனேன். 2 ஆண்டுகளாக யாரும் தொடாத கணக்கு என்று அதை அழித்துவிட்டிருந்தார்கள். எனக்கு எழுதியவை என்னிடம் இருந்தன. தம் நண்பர்களுக்கு அவர் எழுதியவை போனது போனதுதான். இனி என் கடிதம் என் கூரையின் கீழ்தான் இருக்கும் என்று அன்றே சங்கற்பம் செய்துகொண்டேன்.

பழைய மடிக்கணினி ஒன்று. அதில் லினக்ஸும், போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் இலவச மென்பொருளும். இணையத்தில் சொந்தமாக ஒரு பெயர். பிராட்பேண்ட் இணைப்புக்குத் தனிக் கட்டணம் கட்டி வாங்கிய மாறாத ஐ.பி. எண். இவ்வளவே மூலதனம். முதல் கடிதம் வந்து விழுந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு சமயம் நாள் முழுவதும் மின்சாரம் இல்லை. வந்த கடிதமெல்லாம் தொலைந்தது என்றே நினைத்தேன். விளக்கு எரிந்த சற்று நேரத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன! வாங்க ஆளில்லாவிட்டால், அனுப்புகிற கணினி நாலைந்து நாள் விட்டுவிட்டு முயல வேண்டும் என்பது இத்துறையின் விதி. பூட்டிய வீட்டுக்கு மறுநாளும் வருகிற தபால்காரர் மாதிரி.

வாங்குவது எளிது, அனுப்புவதில்தான் வந்தது வினை. ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலை விண்ணப்பம் அனுப்பினேன். பதில் இல்லை. கெடு முடிந்த மறுநாள் தொலைபேசியில் விசாரித்தபோது, அது அவர்களுடைய குப்பை அஞ்சலில் கிடப்பது தெரிந்தது.

நான் செய்த குற்றம் என்ன? வைரஸ் புகுந்த வீட்டுக் கணினிகள் பல காலமாகக் குப்பை அஞ்சலை வாரி இறைத்திருக்கின்றன. ஆகவே வீட்டு இணைப்புகளின் எண்களை மொத்தமாகச் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். மேலும், எண்ணைச் சொல்லிக் கேட்டால் என் பெயர் வரவேண்டும். அதைப் பதிந்து தரவேண்டியவர் இணைப்புத் தருபவர். "வீட்டு வாடிக்கையாளருக்கு அந்த வசதி கிடையாது" என்று கையை விரித்துவிட்டார். டி.கே.ஐ.எம். என்னும் கையொப்பம் இட்டுத்தான் அனுப்பினேன். கையொப்பம் உண்மைதான், தெருவின் பெயர் கெட்டிருந்தது!

இப்போது ஒரு சமரசம். வருகிற கடிதம் நேரே என் அறைக்கு வருகிறது. போகிற கடிதத்தை, நற்பெயருள்ள ஓர் அஞ்சல் நிறுவனத்திடம் கட்டணம் கொடுத்து ஒப்படைக்கிறேன். யார் தயவும் வேண்டாம் என்று இறங்கியவனுக்கு இது பாதித் தோல்விதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஞாயிறுதோறும் அம்மா எழுதுகிற கடிதங்கள் என் மேசைக்கடியில் இருக்கின்றன. பிரதி ஒன்று நண்பன் அறையில் வேறொரு வட்டில் இருக்கிறது.

நண்பர்களே, உங்களுக்கும் இந்த ஆசை வந்தால் தாராளமாகத் தொடங்குங்கள். வேலை விண்ணப்பத்தை மட்டும் முதல் மாதத்தில் அதில் போட்டுவிடாதீர்கள்!