நாஞ்சில் வயலைக் கேட்டவர்

நாகர்கோவிலில் படித்த காலத்தில் செண்பகராமன் பிள்ளை எனக்குப் பாடப்புத்தகத்தில் வரும் ஒரு பெயர், அவ்வளவுதான். மேற்படிப்புக்காக சூரிச் போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில்தான் அவர் எனக்கு நெருக்கமானார்.

அங்கே மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. எட்டு மணி வகுப்பு எட்டேகாலுக்குத்தான் தொடங்கும். அந்தக் கால்மணி நேரம் அவர்கள் மரபு. பேராசிரியர் பாடத்தை முடித்ததும் மாணவர்கள் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். கைதட்டலுக்குப் பதில் அது. எல்லாம் பழகிவிட்டது. பழகாத ஒன்று உண்டு. டிராமில் பக்கத்தில் இருப்பவர் எந்த ஊர் என்று கேட்கவே மாட்டார். வடசேரியில் பஸ் ஏறினால் பூதப்பாண்டி வருவதற்குள் குடும்பக் கதை முழுவதையும் சொல்லியாக வேண்டிய ஊரிலிருந்து போனவனுக்கு, குளிரைவிட அந்த மௌனம்தான் வலித்தது.

அப்போதுதான் செண்பகராமனைப் பற்றித் தேடிப் படித்தேன். 1891இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர்; எங்கள் நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பம். பள்ளி வயதிலேயே வால்டர் ஸ்டிரிக்லண்ட் என்ற ஆங்கிலேயரின் துணையோடு ஐரோப்பா போனார். சூரிச்சில் பொறியியல் படித்தார். அங்கிருந்தே இந்திய விடுதலைக்கு ஆதரவு திரட்டினார். 1914இல் பெர்லின் சென்று இந்தியக் குழுவில் சேர்ந்தார். 1915இல் காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் வெளியுறவு அமைச்சர். பிரிட்டிஷ் ஆட்சி இருக்கும்வரை ஊர் திரும்ப வழியில்லை. 1934இல் பெர்லினில் இறந்தார்.

தன் அஸ்தியில் ஒரு பகுதியைக் கரமனை ஆற்றில் கரைக்க வேண்டும், மறுபகுதியை நாஞ்சில் நாட்டு வயல்களில் தூவ வேண்டும் என்பது அவர் விருப்பம். மனைவி லட்சுமிபாய் அந்த அஸ்தியை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வைத்திருந்தார். 1966இல்தான் அது ஐ.என்.எஸ். டெல்லி போர்க்கப்பலில் கொச்சிக்கு வந்து சேர்ந்தது. கோயிலையோ கடலையோ அல்ல, வயலைக் கேட்டிருக்கிறார் அந்த மனிதர். அயல்நாட்டில் படித்த எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

நெடுங்காலம் கழித்து இந்த மாசியில் ஊருக்கு வந்தேன். கும்பப்பூ நெல் அறுவடை நேரம். “எப்பம் வந்தே மக்கா?” என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டு மாமா என்னை வயலுக்கு அழைத்துப் போனார். ஒரு பக்கம் அறுப்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மறுபக்கம் மண்ணடித்து மேடாக்கி, மனைகளாகப் பிரித்து எல்லைக்கல் நட்டு, வண்ணக்கொடி கட்டியிருந்தார்கள். “கன்னிப்பூவும் கும்பப்பூவும் வெளஞ்ச பூமிலே இது. வாங்கினதெல்லாம் வெளிநாட்டுல இருக்க நம்ம பிள்ளைகதான்,” என்றார் மாமா. அவர் குரலில் கோபம்கூட இல்லை. பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்து, கோதையாற்றுத் தண்ணீர் கால்வாய் வழி ஓடிவந்து நனைத்த மண் இது. நான்குவழிச் சாலைக்குப் போன வயல்களைப் பற்றி நாம் அரசைக் கேட்கலாம். இந்த மனைகளைப் பற்றி யாரைக் கேட்பது?

வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளே, வீடு கட்ட ஊரில் இடம் வாங்குங்கள், தவறில்லை. ஆனால் முன்பணம் கொடுக்கும் முன் பழைய பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். நஞ்சை என்று இருந்தால் வாங்காதீர்கள்.