திருக்குளமும் ஆதுலர்சாலையும்

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் சாலையில், திருநகரை எட்டுமுன்னரே ஆறுபடை வீடுகளில் முதலாவதான திருப்பரங்குன்றம் காட்சி தருகிறது. திருநகர்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கிருத்திகையும் சஷ்டியும் அக்குன்றின் அடிவாரத்திலேயே கழிகின்றன. மலையடியில், முருகப்பெருமான் தம் வேலால் உண்டாக்கியதாகப் போற்றப்பெறும் சரவணப் பொய்கை உள்ளது. திருக்கோயிலினுள் லட்சுமி தீர்த்தம் விளங்குகிறது. தோல் நோய் நீங்க வேண்டுவோர் அதில் உப்பும் மிளகும் இடுவது வழக்கம்.

தீர்த்தமும் மருத்துவமும் இத்தலத்தில் இணைந்து நின்றமைக்குக் கல்லும் சான்று கூறுகிறது. பாண்டியன் நெடுஞ்சடையனின் ஆறாம் ஆட்சியாண்டில், கி.பி. 773 அளவில், குடைவரையில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு, வைத்திய குலத்தில் தோன்றிய சாத்தன் கணபதி என்னும் அரசு அதிகாரி இக்கோயிலையும் திருக்குளத்தையும் செம்மைப்படுத்தியதைத் தெரிவிக்கிறது. அவர் மனைவி நக்கன் கொற்றி, துர்க்கைக்கும் சேட்டைக்கும் சன்னிதி எடுத்தார். கோயிலைப் புதுக்கியவர் குளத்தை மறக்கவில்லை என்பது கருதத்தக்கது.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், காஞ்சிபுரம் அருகே திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து ஆதுலர்சாலை 15 படுக்கைகளுடன் நடைபெற்றது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல்லும், நோயாளிக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசியும் கல்வெட்டில் குறிக்கப்பெற்றன. மூலிகை பறிப்போர், பணிப்பெண்டிர், இரவில் எரியும் ஒரு விளக்கு ஆகியவற்றுக்கும் ஒதுக்கீடு இருந்தது. இவை யாவும் ஓர் ஊரின் வருவாயிலிருந்து நடந்தன.

அக்காலத்து அறத்தின் நுட்பம் இதுவே. விளக்கெரிக்க ஆடுகளைக் கொடுத்தோர் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். நெய் செலவாகும், மந்தை குறையாது. அதாவது, முதல் அழியாமல் வருவாயால் தருமம் நிலைபெற்றது.

2011இல் திருநகர்ப் பேரூராட்சியும் திருப்பரங்குன்றம் நகராட்சியும் மதுரை மாநகராட்சியுடன் இணைந்தன. குப்பை, கழிவுநீர், பொதுக் கழிப்பறை ஆகியவற்றின் பொறுப்பு மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் மாமன்றத்தைச் சார்ந்தது. ஆயினும் சோப்பும் சலவைத்தூளும் கலந்து பொய்கை நீர் கெட்டு, மீன்கள் செத்து மிதந்த செய்திகள் நாளிதழ்களில் வந்ததுண்டு. ஒருமுறை தூர்வாரும் செலவு மட்டும் போதாது. காவலரும் துப்புரவாளரும் ஆண்டு முழுவதும் வேண்டும். அவர்தம் ஊதியம் நின்றால், செலவழித்த பணம் மீண்டும் சேறாகிவிடும்.

குளத்துக்கோ மருத்துவமனைக்கோ உயில் எழுத எண்ணும் பெரியோர், கல்வெட்டில் பெயர் பொறிப்பதோடு நில்லாது, பராமரிப்புக்கென நிலையான வைப்பையும் அதன் வட்டி செல்லவேண்டிய வழியையும் தெளிவாக எழுதுதல் நலம். பொருள் கொடுக்க இயலாதோர்க்கும் ஒரு திருப்பணி உண்டு. சோப்பின்றி நீராடுவதும், ஈரத்துணியைப் பொய்கையில் விடாது வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் அதுவே.