தண்ணீர் எங்கே போகிறது?

தியானப் பகுதி: மத்தேயு 5:23, 24



குருமனை முற்றத்தில் நிற்கும் சாம்பல் நிற அம்பாசிடரை நீங்கள் யாவரும் அறிவீர்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அதன்மேல் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வதுண்டு. அது என் தகப்பனாரின் கார். 1972ஆம் ஆண்டின் மார்க் 2. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் தயாரிப்பதை 2014இல் நிறுத்திவிட்டார்கள். தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின், குடும்பச் சொத்தைப் பங்கிட்டபோது இந்தக் கார் எனக்கு வந்தது. அந்தப் பங்கீட்டில் வேறொன்றும் எனக்கு வந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

இரண்டு ஆண்டுகளாகவே அதன் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டு வந்தது. சனிக்கிழமை மாலையில் பிரசங்கத்தை ஆயத்தம் செய்து முடித்தபின், ஒரு செம்பு தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றுவேன். நாளடைவில் ஒரு செம்பு இரண்டாயிற்று. இரண்டு, அரை வாளியாயிற்று. ஒருநாள் காரின் அடியில் தரை நனைந்திருப்பதைக் கண்டேன். பழைய ஓட்டுநர்கள் சொல்லும் கைவைத்தியம் நினைவுக்கு வந்தது. சமையலறையிலிருந்து மஞ்சள்தூளை எடுத்துக் கரைத்து ஊற்றினேன். கசிவு நின்றது. ஸ்தோத்திரம் சொன்னேன். சில வாரங்களில் மறுபடியும் கசிந்தது. மறுபடியும் மஞ்சள் கரைத்தேன்.

கடந்த மே மாதத்தில், நம் சேகரத்தின் கடைசிக் கிராமத்தில் ஒரு மூதாட்டியின் அடக்க ஆராதனைக்காக நானும் உபதேசியாரும் புறப்பட்டோம். நான்கு மணிக்கு ஆராதனை. பாதி வழியில் முன்புறத்திலிருந்து ஆவி புகைந்து எழும்பியது. பானட்டைத் தூக்கிவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகக் கை நீட்டினேன். உபதேசியார் என் கையைப் பிடித்து இழுத்தார். அவர் இழுத்திராவிட்டால் இன்று என் முகம் வெந்திருக்கும். ஏனெனில் அந்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. அழுத்தத்தின்கீழ் இருக்கும் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதியாமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த மாத்திரத்தில் ஆவியாகிப் பீறிட்டு அடிக்கும். சுட்ட எஞ்சினின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் ஆகாது, இரும்பு வெடித்துப்போகக்கூடும். ஆகவே புளியமரத்தின்கீழ் நின்று, அது ஆறும்வரை காத்திருந்தோம்.

ஐந்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சவப்பெட்டியைச் சுற்றி அந்தக் குடும்பத்தார் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இறந்தவரின் மூத்த மகன் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து, "முதல்ல இதக் குடிங்க ஐயா" என்றார். அந்த மோர் என் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள், ரேடியேட்டர் வேலை மாத்திரமே செய்யும் ஒரு பாயிடம் காரைக் கொண்டுபோனேன். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ரெண்டு வருசமா தண்ணி ஊத்திருக்கீங்க ஐயா. அது எங்க போகுதுன்னு ஒருநாளும் பாக்கலையே?"

என்னிடம் பதில் இல்லை.

அவர் ரேடியேட்டரைக் கழற்றினார். வாய்களையெல்லாம் அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, உள்ளே காற்றைச் செலுத்தினார். நான் அறிந்திருந்தது ஒரே ஒரு கசிவு. குமிழிகளோ நான்கு இடங்களிலிருந்து எழும்பின. பின்பு மேல்தொட்டியைச் சுற்றியிருந்த ஈயப்பற்றைத் தீயினால் உருக்கி, தொட்டியைத் தனியே எடுத்தார். உள்ளே தட்டையான மெல்லிய குழாய்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் பாதியளவு அடைபட்டிருந்தன. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புப் படிவம் ஒருபுறம். மறுபுறம், சேறாய் உறைந்த மஞ்சள்.

"இத யாரு போட்டது?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

கசிவை மூடிய அதே மஞ்சள்தான் தண்ணீரின் வழியையும் மூடிவிட்டது. வெளியே ஒழுகாதது கண்டு நான் ஸ்தோத்திரம் சொன்ன நாட்களிலெல்லாம், எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருந்தது.

புதிது வாங்கிவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாம் ஐயா. இது செம்பும் பித்தளையும். தீ வச்சா திறக்கும், திறந்தா கழுவலாம், கழுவினா திரும்பவும் பத்த வச்சிரலாம்" என்றார். அவ்வாறே ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய கம்பியைச் செலுத்தி அழுக்கை எடுத்து, நான்கு ஓட்டைகளையும் ஈயத்தால் அடைத்து, மறுபடியும் தொட்டியில் அமிழ்த்தினார். ஒரு குமிழியும் வரவில்லை.

பிரியமானவர்களே, அந்தப் பட்டறையின் பலகையில் உட்கார்ந்திருந்தபோது, பங்கீட்டில் எனக்கு வந்த மற்றொன்றை நினைத்தேன். தகப்பனாரின் வீட்டைக் குறித்து எனக்கும் என் தம்பிக்கும் ஒரு வழக்கு உண்டாயிற்று. மூன்று ஆண்டுகளாக நாங்கள் பேசவில்லை. அவனுக்காக நான் ஜெபிக்காமல் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜெபித்தேன். சமாதானம் கிடைத்ததுபோல் இருந்தது. அடுத்த வாரம் அது குறைந்திருந்தது. மறுபடியும் ஜெபித்தேன். அது எங்கே ஒழுகுகிறது என்று மாத்திரம் பார்க்கவில்லை. "காலம் ஆற்றிவிடும்", "தவறு அவனுடையது", "நான் மன்னித்துவிட்டேன்" என்று நானே கரைத்து ஊற்றிய மஞ்சள்கள் பல. தேவ ஜனத்தின் காயத்தை மேற்பூச்சாய் ஆற்றி, சமாதானம் இல்லாதபோது சமாதானம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளையும் ஆசாரியர்களையும் எரேமியா 6ஆம் அதிகாரத்தில் கர்த்தர் கடிந்துகொள்கிறார். அந்தப் பகுதியை நான் உங்களுக்கு எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன்.

நம் ஆண்டவரோ மலைப்பிரசங்கத்தில், காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலாவது சகோதரனிடம் போகச் சொல்கிறார். கவனியுங்கள்: நமக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை, அவனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவுவந்தாலே போகச் சொல்கிறார். ஆராதனை காத்திருக்கலாம், காணிக்கை காத்திருக்கலாம். ஜெபம் அந்த நடைக்குப் பலன் தரும். ஆனால் அந்த நடைக்கு ஈடாகாது.

அன்று இரவு தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். "வீட்டு விஷயத்தில் உன்னிடம் கேட்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு" என்றேன். அதைச் சொல்ல எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. வெகுநேரம் அவன் பேசவில்லை. பின்பு, "அப்பா காரு இன்னும் ஓடுதாண்ணே?" என்று கேட்டான்.

வீட்டு வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அடுத்த மாதம் அவன் வருகிறான். நாங்கள் இருவரும் அந்தக் காரில் தகப்பனாரின் கல்லறைக்குப் போவதாக இருக்கிறோம்.

இந்த வாரத்தில் உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. நீங்கள் திரும்பத் திரும்ப நிரப்பியும் குறைந்துகொண்டே இருக்கும் இடம் உங்கள் வாழ்வில் எது? அது ஆறும்வரை பொறுத்திருங்கள். கோபத்தின் கொதிப்பில் மூடியைத் திறவாதிருங்கள். ஆனால் ஆறியபின் திறவாமலும் இருந்துவிடாதிருங்கள்.

ஜெபம்: எங்களை ஆராய்ந்து அறிகிற பிதாவே, நாங்கள் மூடிவைத்த கசிவுகளை எங்களுக்குக் காண்பியும். உமது அக்கினியினால் எங்களைத் திறந்து, கழுவி, மறுபடியும் சேர்த்தருளும். நாங்கள் காக்கவைத்த சகோதரரிடத்திற்கு எங்களை நடத்தும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.