ஓ என்றோர் ஊர்

நம் உயிரெழுத்துக்களில் ஓகாரத்துக்குப் பின்னும் ஓர் எழுத்து உண்டு. நார்வே தேசத்தாரின் அரிச்சுவடியிலோ, ஏறக்குறைய அதே ஒலியுடைய எழுத்துதான் கடைசி. அந்த ஓரெழுத்தையே பெயராகக் கொண்ட மீன்பிடி கிராமம் ஒன்று துருவ வட்டத்துக்கும் வடக்கே, லொபோட்டன் தீவுகளில் இருக்கிறது. ஸ்வீடனிலிருந்து வரும் நெடுஞ்சாலையும் அங்கேதான் முடிகிறது. உபாத்தியாயர்களான எங்கள் இருவருக்கும் அரிச்சுவடி முடிகிற ஊரைப் பார்த்துவிட வேண்டுமென்ற சபலம் வெகு நாளாக உண்டு. ஒரு கோடை விடுமுறையில், மே மாதக் கடைசியில், முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

பூடோ நகரிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கப்பல். பிறகு ஐந்து கிலோமீட்டர் நடை. கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் ஊர் வந்தது. வீடுகளைச் சுற்றிலும் பந்தல் கால் நட்டாற்போல் மரச் சட்டங்கள். அவற்றில் இரண்டிரண்டாக வாலைப் பிணைத்துத் தொங்கவிட்ட காட் மீன்கள். பாரென்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் மீனைப் பிடித்து, உப்பே தொடாமல், பிப்ரவரி முதல் மே வரை குளிர் காற்றில் உலர்த்துகிறார்கள். ஐந்து பங்கு எடை ஒரு பங்காகச் சுண்டிவிடுகிறது. தலைகளைத் தனியே கோத்துக் காயவிடுகிறார்கள். எங்களில் ஒருவர் சுத்த சைவம். மற்றவர் வீட்டுக்குள் மட்டும் சைவம். யார் எவர் என்பது வாசகர்களுக்கு அநாவசியம். இருவருமே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

விடுதியின் பொதுச் சமையலறையில் இரவு பதினோரு மணி; வெளியே பகல் வெளிச்சம். எங்கள் பருப்பு வெந்துகொண்டிருந்தது. பக்கத்து அடுப்பில் வெனிஸ் நகரத்துப் பெரியவர் ஒருவர், 1432-ல் தம் ஊர்க் குவெரினி கப்பல் உடைந்து ரோஸ்ட் தீவில் ஒதுங்கியதையும், இந்த மீனின் சுவையை இத்தாலிக்குக் கொண்டுபோனதையும் நேற்று நடந்ததுபோல் சொன்னார்.

"அது சரி, அந்தத் தலைகளை யார் தின்பார்கள்?" என்று முகத்தைச் சுளித்தோம்.

"நாங்கள்தான்" என்று மூலையிலிருந்து குரல் வந்தது.

நைஜீரியப் பெண்மணி ஒருவர். லண்டனில் தாதியாக வேலை. "1967 முதல் 1970 வரை எங்கள் பியாஃப்ராவில் யுத்தம். முற்றுகையில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டார்கள். அப்போது என் அம்மா சின்னக் குழந்தை. நார்வேயிலிருந்து நிவாரணமாக வந்த இந்தக் கருவாடுதான் அவளைப் பிழைக்க வைத்தது என்பாள் பாட்டி. எங்கள் இக்போ பாஷையில் ஒக்பொரோகோ என்று பெயர். பானையில் கடகடவென்று சத்தம் போடுவது என்று அர்த்தம்" என்று சிரித்தார்.

பருப்பு அடிப்பிடித்ததைக் கூட நாங்கள் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் சட்டங்களின் கீழே நின்று, கண்ணை மூடி, அந்தக் காற்றை நிதானமாக இழுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசாமல் தள்ளி நின்றோம். பிறகு அம்மாவுக்கென்று நாலு மீன் வாங்கினார். அவர் பையில் இடமில்லை.

"கப்பல்துறை மட்டும் உங்கள் மூட்டையில் வைத்துக்கொள்வீர்களா?" என்று தயங்கிக் கேட்டார். வாங்கி வைத்துக்கொண்டது எங்களில் சைவம்தான்.

ஊர் திரும்பி அந்தப் பையை இரண்டு தடவை துவைத்தாயிற்று. வாடை இன்னும் போகவில்லை.