குயிலைக் கேட்டு வாங்குங்க!

ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பகுதியில் உள்ள குட்டி ஊர் ட்ரைபெர்க். மணி அடிக்கும் நேரத்தில் இங்குள்ள கடிகாரக் கடைக்குள் நுழைந்தால், சுவர் முழுக்க 'குக்கூ... குக்கூ'தான்!

சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பு, பனிக்காலத்தில் வயல் வேலை இல்லாத விவசாயக் குடும்பங்கள் மரக் கடிகாரம் செய்ய ஆரம்பித்தன. ஆரம்பத்தில் பல்சக்கரம்கூட மரம்தான். வியாபாரிகள் அவற்றை முதுகுச் சட்டத்தில் கட்டிச் சுமந்து, நாடு நாடாக நடந்தே விற்றார்கள். பக்கத்து ஊரான ஃபுர்ட்வாங்கனில் உள்ள கடிகார மியூசியத்தில் அந்தக் காலத்துக் கடிகாரங்களைப் பார்க்கலாம்.

இன்று கையால் செதுக்கிய கடிகாரத்துக்குப் போட்டி, பேட்டரி குயில். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். விலை மட்டும் எங்கோ இருக்கும். 'இவ்வளவா?' என்று நாம் நகர்ந்துவிட்டால், நஷ்டம் உளி பிடித்தவருக்குத்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பைன் காய் போலத் தொங்கும் எடையை மட்டும் நம்பாதீர்கள். பேட்டரி கடிகாரத்திலும் அது அலங்காரமாகத் தொங்கும். அசலில் சங்கிலியை இழுத்தால் எடை மேலே ஏறும். உள்ளே இரண்டு குட்டித் துருத்திகள் குழலில் காற்றை ஊதும். ஒன்று 'குக்', இன்னொன்று 'கூ'!

அதனால், விலை கேட்கும் முன் சங்கிலியை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.